வேலிக்கு இருபுறமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றுக்கு அக்காலத்தில் முதன்முதலாக வந்த ஒருவர் அங்கே வீடுகளைக் கண்டிருக்க மாட்டார், வேலிகளையே கண்டிருப்பார். ஒழுங்கையின் இருமருங்கும் தலைமறையும் உயரத்தில் ஓலையும் கிடுகும் எழுந்து நிற்கும். அவற்றின் மேலே பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் தழைத்து நிழல் செய்யும். உள்ளே மனிதர் பேசுவதும், கிணற்றடியில் வாளி மோதுவதும், ஆடு கத்துவதும் கேட்கும். ஆனால் ஒருவரும் கண்ணிற் புலப்படார். இக்காட்சி இன்று பல ஊர்களில் அருகிவிட்டது. ஓலை நின்ற இடத்தில் சீமெந்து மதிலும் தகரமும் நிற்கின்றன.

எமது வரலாற்று நூல்களில் கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் அரசர்களுக்கும் கிடைத்த இடத்தில் நூறிலொரு பங்கேனும் வேலிக்குக் கிடைக்கவில்லை. இதில் வியப்பில்லை. கல்லிலும் செம்பிலும் பொறித்தவை நிலைக்கின்றன. ஓலையால் ஆனதோ இரண்டு மாரியில் உக்கிவிடுகின்றது. ஆயினும் மக்களின் அன்றாட வாழ்வை, அவர்தம் உடைமையை, உறவை, பகையை, உயர்வு தாழ்வை அறிய விரும்பும் எமக்கு வேலியைப் போன்ற சாட்சி பிறிதொன்றில்லை. 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்று எம்மவர் எள்ளி நகையாடுவர். ஓணானை விடுத்து வேலியையே கூண்டில் ஏற்றி விசாரிக்க நாம் ஈண்டு முற்படுகின்றோம்.

வேலி கட்டுதல் என்று எம்மவர் சொல்வதில்லை. வேலி அடைத்தல் என்றே சொல்வர். முதலில் எல்லைக்குக் கயிறு பிடிப்பர். அலவாங்கினாற் குழி தோண்டி, ஒரு முழமோ ஒன்றரை முழமோ இடைவிட்டுக் கதியால் நடுவர். கதியால் வெறுந்தடியன்று, நட்டால் வேர்விட்டுத் தளிர்க்கும் பச்சைக் கொம்பு. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஒதி, வாதராணி, பிற்காலத்திற் சீமைக்கிளுவை ஆகியன இதற்கு உரியவை. கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சுத் தடிகளை வைத்துப் பிணிப்பர். பின்னர், மிதித்துப் பாரமேற்றித் தட்டையாக்கிய பனையோலையையோ, தென்னோலையை நடுவே கிழித்து நீரில் ஊறவிட்டுப் பின்னிய கிடுகையோ வரிசை வரிசையாக வைத்துக் கட்டிச் செல்வர். வசதி குறைந்தோர் பனைமட்டையாலும், அதனினும் குறைந்தோர் அலம்பலாலும் முள்ளாலும் அடைப்பர். ஒருவருடைய வேலியைக் கண்டே அவருடைய நிலைமையை ஊர் மதிப்பிட்டுவிடும்.

ஓலை கட்டுவதற்குக் குத்தூசி என்றொரு கருவி உண்டு. உட்புறம் நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலையினூடே வெளிப்புறம் செலுத்துவார். வெளியே நிற்பவர் அதனைப் பற்றி வரிச்சைச் சுற்றி மீண்டும் உள்ளே செலுத்துவார். உள்ளே நிற்பவர் இழுத்து முடிவார். இடையே ஓலை எழுந்துவிட்டமையால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "கொஞ்சம் மேலாலை குத்து", "இழு", "பொறு" என்னும் குரல்கள் மாத்திரமே அப்பாலும் இப்பாலும் செல்லும். எத்துணை கைதேர்ந்தவராயினும் ஒருவர் தனித்து நின்று ஓலைவேலி அடைத்தல் அரிது. மனிதரைப் பிரிப்பதற்கென எழும் இப்பொருள் இருபுறமும் மனிதர் நின்று ஒத்துழைத்தாலன்றி எழாது என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். இதனை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர நேரும்.

வேலி மறைப்பு மாத்திரமன்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத, சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண் படிந்த இக்குடாநாட்டில், மண்ணை வளப்படுத்தியவன் உழவனே. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலை, எருவும் குழையும் இடையறாது இட்ட தோட்டங்களிலேயே விளைந்தது. அக்குழையில் ஒரு பகுதி வேலியிலிருந்து வந்தது. கதியாலில் தழைத்த பூவரசங்குழை தோட்டத்திற் புதைக்கப்பட்டது. கிளுவையும் முள்முருக்கும் ஆட்டுக்கு உணவாயின. வேலி புதிதாக அடைக்கப்படுகையில் கழிக்கப்பட்ட பழைய ஓலையும் வீணாகவில்லை. அதுவும் மண்ணில் தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. கிடுகு பின்னிய பெண்களும், ஓலை வெட்டியோரும், வேலி அடைத்தோரும் அதனால் கூலி பெற்றனர். எனவே வேலியை ஒரு சிறு பொருளாதாரம் எனினும் மிகையாகாது.

நிற்க. இவ்வேலி எவ்வாறு தோன்றியது?

தமிழில் வேலி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று நாம் அறிந்தது. மற்றையது சோழநாட்டு நில அளவை: 20 மா கொண்டது ஒரு வேலி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6½ ஏக்கர். சோழர் காலக் கல்வெட்டுக்களிற் கோயில்களுக்கு அளிக்கப்பட்ட நிலங்கள் இவ்வளவையாற் குறிக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் மனிதன் முள்ளை வெட்டிப் போட்டது விலங்குக்கு அஞ்சியே ஆகும். பன்றி பயிரை அழியாதிருக்கவும், பட்டியில் நின்ற ஆநிரையை விலங்கு கவராதிருக்கவும் அடைத்தான். அடைப்பின் பெயரே நிலத்தின் அளவுக்கும் பெயரானபோது அதன் பணி மாறிவிட்டதெனக் கொள்ள இடமுண்டு. விலங்கைத் தடுத்த வேலி இப்பொழுது மற்றொரு மனிதனைத் தடுக்கின்றது. 'இது என்னுடையது' என்பதே அதன் பேச்சாகின்றது.

இம்மாற்றம் எம்முடைய நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் 1604ஆம் ஆண்டுக்கும் 1914ஆம் ஆண்டுக்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட சட்டங்களினால் ஊர்ப்பொது நிலங்கள் வேலியிடப்பட்டன. ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் அந்நிலத்தில் உயிர் வாழ்ந்த ஏழைகள் பலர் வேலிக்கு வெளியே விடப்பட்டுக் கூலிகளாயினர். அந்நாட்டவர் இலங்கைக்கு வந்தபோது இங்கே முள்ளும் தடியும் தேடவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் உரிமை நிறுவப்படாத நிலத்தையும் முடியின் உடைமையெனக் கொண்டது. மலைநாட்டுத் தோட்டங்கள் இக்கடதாசி வேலியினுள்ளேயே எழுந்தன.

யாழ்ப்பாணத்திலோ கதை வேறுவிதமாக நடந்தது. இங்கு பெருந்தோட்டம் எழவில்லை. சிறுவளவுகள் மேலும் சிறுத்தன. 1619இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் குடாநாட்டைக் கைப்பற்றியபின், வரி அறவிடும் நோக்குடன் நிலங்கள் தோம்புகளிற் பதியப்பட்டன. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தார். பன்னிரு முதலிமார் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு அளித்தனர். இதுவே தேசவழமை.

தேசவழமை உடைமையாளரின் சட்டம். முதுசொமும் சீதனமும் தேடிய தேட்டமும் எவ்வாறு கைமாறும் என்பதையும், நிலத்தை விற்பவர் உரிமைக்காரருக்கும் பங்காளருக்கும், அந்நிலத்தை ஈடாகப் பெற்றுள்ள அயலவருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்பதையும் அது கூறுகின்றது. அயல் வளவுக்குள் சாய்ந்து நிற்கும் மரத்தின் பயன் எவருக்கு உரியது என்பது பற்றியும் அதில் விதி உண்டு. அதே ஏட்டில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. சாய்ந்த மரத்தின் பழத்துக்கும் மனிதப் பிறவிக்கும் ஒரே தொகுப்பில் உடைமை விதி வகுத்த சமுதாயம் அது. அதனைச் சரிபார்த்த பன்னிருவரும் முதலிமாராக இருந்தனர் என்பதும், வேலி அடைத்த கைகளுக்கு உரியவர் ஒருவரேனும் அவ்விருக்கையில் இல்லை என்பதும் நாம் மறத்தற்குரியனவல்ல.

சீதன முறையினால் பெண்ணுக்கும் நிலம் கிடைத்தது. இது போற்றத்தக்கதே. பிறந்த வளவிலேயே, தாயின் வீட்டுக்கு அருகே, அவள் தனக்கென ஒரு துண்டைப் பெற்றாள். ஆனால் துண்டு துண்டாகிக்கொண்டே சென்றது. 12 பரப்பு வளவுடைய ஒருவருக்கு மூன்று பெண்கள் எனக் கொள்வோம். ஏறத்தாழ 16 பரப்பு ஓர் ஏக்கர். முதல் தலைமுறையில் ஒவ்வொருத்திக்கும் 4 பரப்பு. அவர்களுக்கும் இவ்விரு பெண்கள் பிறந்தால் அடுத்த தலைமுறையில் 2 பரப்பு. ஒவ்வொரு திருமணமும் ஒரு புது வேலி. 1863ஆம் ஆண்டின் பங்கீட்டுக் கட்டளைச் சட்டம் கூட்டுடைமை நிலத்தை நீதிமன்றின் மூலம் பிரிக்க வழி செய்தபின் இப்போக்கு மேலும் வலுப்பெற்றது. நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரித்தல் எங்ஙனம்? ஆகவே உறுதிகளில் 'கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்னும் வாசகம் இடம்பெற்றது. சிலவிடங்களில் வேலி கிணற்றுக் கட்டுவரை வந்து நின்று, மறுபக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கும். தண்ணீருக்கு வேலி போட எம்மவராலும் முடியவில்லை.

நிலம் குறையக் குறைய எல்லையின் மதிப்பு ஏறியது. இரவோடிரவாகக் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுதல், மழைக்கு விழுந்த வேலியை மீள அடைக்கையில் கயிற்றைச் சற்றே சரித்துப் பிடித்தல், எல்லைப் பனையில் நொங்கு வெட்டுதல் என்பனவெல்லாம் உடன்பிறந்தாரையும் நீதிமன்றத்துக்கு இழுத்துச் சென்றன. வழக்கு நிலத்தின் விலையை விழுங்கிய பின்னரும் வழக்காடியோர் உண்டு. நில அளவையாளரும் நொத்தாரிசுமாரும் பிரக்கிராசிமாரும் இதனால் வாழ்ந்தனர். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் ஒரு பகுதி இவ்வேலிகளின் நிழலிலே வளர்ந்தது எனலாம். ஏழை விவசாயியின் கோபம் தன் வறுமையின் காரணத்தை நோக்கித் திரும்பாது, வேலிக்கு அப்பாலிருந்த தன்னையொத்த ஏழையை நோக்கித் திரும்பியது. இதனால் நன்மை பெற்றோர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேலியின் மறைப்புக்கு ஏனைய உடைமைகளைப் போலவே பெண்ணும் ஒரு காரணமாயினாள். கிணற்றடியிற் குளிக்கும் பெண்ணை ஒழுங்கையிற் செல்வோர் காணலாகாது. பருவமடைந்த பெண் படலையில் நிற்கலாகாது. ஓலையில் ஒரு நீக்கல் விழுந்தால் அது குடும்பத்தின் மானத்தில் விழுந்த நீக்கலாகவே கொள்ளப்பட்டது. செங்கை ஆழியான் தம் நாவலொன்றுக்குக் 'கிடுகு வேலி' என்றே பெயரிட்டமை, இச்சொல் எம்மிடையே ஒரு வாழ்க்கை முறையின் பெயராகவே ஆகிவிட்டமையைக் காட்டுகின்றது. மறைவாகக் குளிக்கவும் உடுக்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு. அதை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் மறைவு வேறு, அடைப்பு வேறு. மறைவை வேண்டுபவள் கதவைத் தானே திறப்பாள். அடைக்கப்பட்டவளுக்காகப் பிறரே திறத்தல் வேண்டும்.

எனினும் அப்பெண்களே வேலியில் ஒரு பொட்டையும் வைத்திருந்தனர். ஓலையைச் சற்றே விலக்கி ஆக்கிய அச்சிறு வழியால் அடுப்புக்கு நெருப்பு வந்தது. கைமாற்றாக அரிசியும் உப்பும் சென்றன. கறி ஒரு கிண்ணம் போயிற்று, வெறுங்கிண்ணம் வேறொரு கறியுடன் திரும்பிற்று. அக்காளுக்குப் பிரசவ நோவு கண்டால் தங்கை படலையைச் சுற்றி ஓடுவதில்லை, பொட்டினூடாகவே ஓடிவருவாள். ஆண்கள் பேசாத ஆண்டுகளிலும் அப்பொட்டு அடைபடாதிருந்த வீடுகளை நாம் அறிவோம். சகோதரர் இருவர் வழக்காடிய காலத்தில் அவர்தம் மனைவியர் பொட்டருகே நின்று பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றிப் பேசிய காட்சி எம் சிறுபராய நினைவுகளில் இன்றும் நிற்கின்றது.

இதுகாறும் நாம் கண்டது ஒரே சமூகத்தினுள் எழுந்த வேலி. அதனினும் உறுதியான வேலியொன்று இருந்தது. அதற்கு ஓலை தேவைப்படவில்லை.

ஊரின் வேலிகளை அடைத்தோரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பனையேறி ஓலை வெட்டியவரும், மிதித்தவரும், அலவாங்கு பிடித்தவரும், குத்தூசி கோத்தவரும் அவர்களே. காலை தொடக்கம் மாலைவரை அவ்வளவின் எல்லையில் நின்று உழைத்தவருக்கு வேலை முடிந்ததும் அவ்வேலியே தடையாயிற்று. அவர் முன்படலையால் வரலாகாது. தேநீர் சிரட்டையில் வந்தது. தண்ணீர் ஏந்திய கையில் வார்க்கப்பட்டது. அவருடைய மனைவி குடத்துடன் கிணற்றுக்கு அப்பால் நின்று, எவரேனும் அள்ளி வார்க்கும்வரை காத்திருந்தாள். பிறருக்கு நூறு வேலி அடைத்த அவருக்குச் சொந்தமாக ஒரு வேலி இருந்ததா? அவர்களிற் பலர் பிறர் நிலத்திலே குடியிருந்தவர்கள். கதியால் நட்டால் அது உரிமை கோருவதாகிவிடும். எழும்பு என்றால் எழும்ப வேண்டும். 1844ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அச்சட்டம் எவருக்கும் ஒரு குழி நிலமேனும் வழங்கவில்லை. நிலமற்ற விடுதலை எத்தகையது என்பதை அடுத்த ஒரு நூற்றாண்டு காட்டிற்று.

1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் தாமாகத் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் நின்றனர். ஒடுக்கப்பட்டோருடன் பிற சாதிகளிற் பிறந்த தொழிலாளரும் மாணவரும் எழுத்தாளரும் தோளோடு தோள் நின்றமை அப்போராட்டத்தின் சிறப்பு. அந்த வேலி முற்றாக வீழ்ந்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அது இயற்கையாக முளைத்ததன்று, மனிதர் நட்டது, ஆகவே மனிதராற் பிடுங்கக் கூடியது என்பதை அவர்கள் நிறுவினர்.

பின்னர் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வளவுகளை விட்டகன்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் எழுந்து நடந்தது. பனைகள் தறிக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையாயின. கிடுகு நின்ற இடத்தில் முட்கம்பி நின்றது. உயர் பாதுகாப்பு வலயம் என்னும் புதிய வேலி ஊர்களை ஊர்களாகவே விழுங்கிற்று. 'வேலியே பயிரை மேய்ந்தது' என்னும் பழமொழியின் முழுப் பொருளையும் அத்தலைமுறை அறிந்துகொண்டது.

போர் 2009இல் முடிவுற்ற பின்னர் நிலங்கள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. இருபது ஆண்டுக்கும் மேலாகத் தம் மண்ணைக் காணாதோர் பற்றைக் காட்டின் முன்னே வந்து நின்றனர். வீடு இல்லை, ஒழுங்கை இல்லை, வேலியும் இல்லை. உறுதியைத் தொலைத்தவர் பலர். அந்நிலையில் எல்லையைக் காட்டியவை எவை? தூர்ந்த கிணற்றின் கட்டு, அத்திவாரத்தின் எச்சம், சிலவிடங்களில், கவனிப்பாரின்றி ஓங்கி வளர்ந்து நின்ற பூவரச மரங்களின் வரிசை. ஓலை உக்கிப் போயிற்று. வரிச்சு கறையானுக்கு இரையாயிற்று. அன்று எவரோ ஒருவர் அலவாங்கினாற் குழி தோண்டி நட்ட கதியாலோ மரமாகி நின்றது. மரமும் இல்லாத இடத்தில் அயலவரின் நினைவே எல்லையாயிற்று. "உங்கடை கிணறு இதிலைதான் இருந்தது" என்று ஒருவர் சொன்னால்தான் மற்றவருக்கு நிலம். ஒரு சாணுக்காக வழக்காடிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சாட்சியாக நின்றனர்.

இன்று குடாநாட்டில் மதில்கள் எழுகின்றன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் அவற்றிற் கல்லாகிக் கிடக்கின்றது. இதை நாம் எள்ளவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேலி அடைக்க ஓலைக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்னும் முதிய தாயின் கேள்வி நியாயமானதே. ஒடுக்கப்பட்ட குடும்பமொன்று தன் உழைப்பாற் பெற்ற நிலத்தைச் சுற்றி மதில் எழுப்புமாயின், அம்மதிலில் ஒரு நூற்றாண்டின் பதில் இருக்கின்றது என்பதையும் நாம் அறிவோம். பழைய வேலியை நினைந்து கண்ணீர் உகுப்போர், அதன் அழகை உட்புறம் நின்று கண்டவரா, வெளிப்புறம் நின்று கண்டவரா என்பதை முதலிற் சொல்லட்டும்.

எனினும் மதிலுக்கும் வேலிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மதிலைத் தன் பக்கத்தில் மாத்திரம் நின்று கட்டி முடிக்கலாம். அதற்கு அயலவர் வேண்டியதில்லை. அதில் பொட்டு வைத்தல் இயலாது. அது குழை தருவதில்லை; ஆட்டுக்கு உணவு தருவதில்லை; மாரி வெள்ளத்தை வழிமறித்து அயல் வளவிலே தேக்கும். வேலி அடைத்த பழைய நாட்களில் ஓலைக்கு அப்பால் நின்று குத்தூசியைத் திருப்பி அனுப்பிய கை ஒன்று இருந்தது. அந்தக் கைக்கு உரியவருக்கு நாம் சிரட்டையில் தேநீர் கொடுத்தோம். மதில் எழுப்பும் இந்நாளில் அந்தக் கை இருப்பதையே மறந்துவிட்டோம். முதலாவது அநீதி; இரண்டாவது மறதி. ஒன்றினால் மற்றொன்று நேராகிவிடாது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எம்முடைய வேண்டுகோள் இதுவே. உங்கள் ஊரில் வேலி அடைத்தறிந்த முதியவர் எவரேனும் இன்னும் இருப்பாராயின் அவரிடம் செல்லுங்கள். கதியால், வரிச்சு, குத்தூசி, பொட்டு, படலை முதலாய சொற்களை அவர் வாயிற் கேட்டு எழுதுங்கள். எந்த மரத்தை எந்த மாதத்தில் நட்டார் என்று கேளுங்கள். அத்துடன் நின்றுவிட வேண்டாம். அந்த வளவு எவருடையது, அவருக்குக் கூலி எவ்வளவு, அவர் எந்த வாசலால் வந்தார், தண்ணீர் எதிற் குடித்தார் என்பவற்றையும் கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னவாறே எழுதுங்கள். தோம்பிலும் உறுதியிலும் அவர் பெயர் இல்லை. உங்கள் அப்பியாசக் கொப்பியிலேனும் அது இருக்கட்டும்.